டாட் பாயிண்ட்

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்குத்தான் முதலில் தெரிந்தது. இரண்டாவது பிரசவம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சித்தி பெண்ணின் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கப் போனபோது வழக்கம்போல அளவு ஜாக்கெட்டை நீட்டினேன். அதை வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, "இது இனிமே ஆகாதுங்க, நில்லுங்க" என்று இஞ்ச் டேப்பை எடுத்தார். தோளிலிருந்து டேப்பை இறக்கினார்.

"டாட் பாயிண்ட் பத்து இருந்துச்சு. இப்ப பதினொன்றரை."

நோட்டில் எழுதிக்கொண்டே, ஒரு தயக்கமும் இல்லாமல் கேட்டார்: "கப் வச்சுத் தைக்கவா, இல்ல டாட்ட மாத்திப் பிடிச்சுத் தரவா?"

ஜாக்கெட் போடாதவர்களுக்காக: முன்பக்கத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்தான் டாட். அந்த மடிப்புகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் பாயிண்ட். அது முலைக்காம்புக்கு நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு விலைப் பட்டும் தொங்கும். மூன்று வருடம் கழித்து ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் கேட்டார். அவருக்கு கன்சல்டேஷன் ஃபீஸ் கொடுத்தேன். அக்காவுக்கு அன்று தையல்கூலி மட்டும்தான்.

எனக்கு அப்போது 36 வயது. முதல் பிள்ளைக்கு 19 கிலோ ஏறி இறங்கியிருந்தேன், இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: "ரெண்டு பிள்ளைக்கும் பால் குடுத்தேல்ல, அப்படித்தான் ஆகும்." அது அப்படியில்லை என்று பிறகு படித்தேன். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரையன் ரிங்கரும் சக மருத்துவர்களும் 2008ல் வெளியிட்ட ஆய்வு தாய்ப்பாலைக் குற்றம் சொல்லவில்லை. வயது, எத்தனை கர்ப்பம், உடல் எடை, முன்பிருந்த அளவு, புகைப்பழக்கம் இவைதான் காரணம் என்றது. முலையைத் தாங்கும் நார்களுக்கு கூப்பர் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். அவர் அவற்றை விவரித்தது 1840ல். நீண்டால் நீண்டதுதான், திரும்பச் சுருங்காது. ஜிம்மில் டிரெய்னர் பெண் "செஸ்ட் பிரஸ் பண்ணுங்க, ஏறிரும்" என்றாள். தசை இருப்பது முலைக்குப் பின்னால். சுவரை பலப்படுத்தினால் அதில் மாட்டிய பை ஏறுமா?

'முலை' என்று எழுதும்போது இந்தக் கட்டுரையிலேயே கை ஒரு கணம் நிற்கிறது. நம் பழைய இலக்கியம் கூசாமல் புழங்கிய சொல். ஆனால் 2002ல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு எவ்வளவு வசை வாங்கினார்! டாக்டரிடம் பிரெஸ்ட், அம்மாவிடம் மாரு, டெய்லரிடம் பாயிண்ட். கணவரிடம் சொல்லே கிடையாது, 'இது' என்பேன். அவர் நல்லவர். "எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலயே" என்றார். அன்பாகச் சொன்ன வார்த்தைதான், ஆனால் அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே துண்டு கட்டப் பழகியிருந்தது நான், அவரில்லை.

காரணம் கேட்பவர்களுக்குக் கொடுக்க கௌரவமான ஒன்று என்னிடம் இருந்தது. சென்னை மே மாதத்தில் முலைக்கு அடியில் வேர்த்து, தோல் சிவந்து, பவுடர் போட்டுப் போட்டு ஓட்டுவேன். அது உண்மை. ஆனால் அதற்காக யாரும் மயக்க மருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பெண்ணியம் பேசும் என் தோழி, "இது உன் ஆசை இல்ல, உனக்குள்ள உக்கார வச்ச ஆசை" என்றாள். இருக்கலாம். காபியும் எனக்குள் உட்கார வைத்த ஆசைதான்.

முதலில் போன கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கவுன்சிலர் ஒருவர் வந்தார். ரோஸ் நிற ஃபைல். "300 சிசி போட்டா போதும் மேம், தானா தூக்கிரும். இஎம்ஐ இருக்கு." யாரும் என்னை அளக்கவே இல்லை. ஒரு டெய்லர் செய்ததைக்கூட அவர்கள் செய்யவில்லை என்று வெளியே வந்தபிறகுதான் உறைத்தது.

இரண்டாவது டாக்டர் வயதான பெண்மணி. டேப்பை எடுத்து கழுத்துக்குழியிலிருந்து காம்புவரை அளந்தார். வலது 26 செ.மீ., இடது 27. பிறகு உட்கார வைத்துக் கேட்டார்: "காலியா இருக்கறது உங்களுக்குப் பிரச்சனையா, கீழ இருக்கறது பிரச்சனையா?"

இம்பிளான்ட் காலியை நிரப்பும். லிஃப்ட் கீழே இருப்பதை மேலே வைக்கும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ரெக்னோ என்ற பெண் மருத்துவர் 1976ல் வகுத்த படிநிலை ஒன்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். முலையின் அடி மடிப்புக்கு நேராகக் காம்பு இருந்தால் முதல் நிலை, மடிப்புக்குக் கீழே இறங்கினால் இரண்டு, முலையின் கடைக்கோடியில் தரையைப் பார்த்தால் மூன்று. எனக்கு இரண்டு. லேசான தொய்வென்றால் இம்பிளான்ட் மட்டுமே போதும். என் நிலையில் வைத்தால் பை மேலே நெஞ்சில் நிற்க, சொந்தச் சதை அதிலிருந்து வழிந்து தொங்கும். போதாததற்கு பையின் எடை தோலை இன்னும் இழுக்கும். "தானா தூக்கிரும்" என்பதன் லட்சணம் இது.

"ரெண்டும் சேத்து செய்யலாமே டாக்டர்?"

செய்யலாம், பலர் செய்துகொள்கிறார்கள். ஆனால் ஒன்று தோலை உள்ளிருந்து விரிக்கிறது, மற்றது தோலை வெட்டி இறுக்குகிறது. இரண்டும் ஒரே தையலில் இழுபடும், திரும்பத் திறக்க வேண்டிவரும் வாய்ப்பு கூடும். இது எனக்கு உடனே புரிந்தது. ஒரே ரிலீஸில் டேட்டாபேஸையும் மாற்றி ஃப்ரேம்வொர்க்கையும் மாற்றியவனோடு சேர்ந்து நானும் ராத்திரி மூன்று மணிவரை உட்கார்ந்திருக்கிறேன்.

லிஃப்டுக்கு விலை தழும்பு. காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து நேர்கீழே ஒரு கோடு, தேவைப்பட்டால் அடிமடிப்பில் குறுக்காக ஒன்று. நங்கூரம் மாதிரி. காம்பில் உணர்ச்சி குறையலாம். புதிதாக எதுவும் சேராது. பிரா இல்லாமல் பார்த்தால் முன்பைவிடச் சின்னதாகவும் தெரியலாம். வருடங்கள் போகப்போக மறுபடியும் இறங்கும், அதை யாராலும் நிறுத்த முடியாது. இதையெல்லாம் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டே காட்டினார்.

அளவைக் கேட்டால் லிஃப்ட். ஆனால் நான் இம்பிளான்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே நான் 'பலகை'. துப்பட்டாவை ஒழுங்காகப் போடச்சொல்லி யாரும் என்னை அதட்டியதே இல்லை. பால் கொடுத்த அந்த மாதங்களில்தான் முதன்முறையாக எனக்கு ஒரு நிறைவான மார்பு இருந்தது. வலித்தது, கசிந்தது, ராத்திரி தூக்கமில்லை, ஆனாலும் குளிக்கும்போது பார்த்துப் பெருமையாக இருந்தது. பால் நின்றதும் அது போய்விட்டது. ஆக, "காலியா, கீழயா?" என்றால் என் உண்மையான பதில் "ரெண்டும்" என்பதுதான். அதிலும் காலியைத்தான் முதலில் சொல்வேன்.

நான் எதையும் டாக்குமென்டேஷன் படிக்காமல் இன்ஸ்டால் செய்கிறவள் இல்லை. உட்கார்ந்து படித்தேன். சிலிகான் ஜெல் இம்பிளான்டை முதன்முதலில் வைத்துக்கொண்டவர் ஹூஸ்டனைச் சேர்ந்த டிம்மி ஜீன் லிண்ட்ஸி, 1962ல். அவர் மருத்துவமனைக்குப் போனது நெஞ்சில் இருந்த பச்சையை எடுக்க. டாக்டர்கள் இம்பிளான்ட் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அதைவிட, துருத்திக்கொண்டிருந்த காதைச் சரிசெய்துகொள்ளத்தான் ஆசை. காதையும் செய்து தருகிறோம் என்றதும் சம்மதித்தார். அவரைப் பற்றி நிறைய நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வரிசையாக வந்தன. 1992ல் அமெரிக்காவின் எஃப்டிஏ ஜெல் இம்பிளான்டுகளைப் பொதுப் புழக்கத்திலிருந்து நிறுத்தியது, 2006ல் மறுபடி அனுமதித்தது. 2010ல் பிரான்ஸில் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமில்லாத சிலிகானை நிரப்பி விற்றது தெரியவந்தது. 2019ல் சொரசொரப்பான மேலுறை கொண்ட ஒரு வகை, அபூர்வமான ஒருவித லிம்ஃபோமாவோடு தொடர்புள்ளதால் திரும்பப் பெறப்பட்டது. 2021 முதல் கட்டம் கட்டிய எச்சரிக்கை: இது ஆயுள் முழுதுக்குமான சாதனம் அல்ல. ஜெல் வகை வைத்தால் ஐந்தாறு வருடத்தில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 70 வயதுவரை கணக்குப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு ஸ்கேன், நடுவில் ஒரு முறையாவது திறந்து மாற்ற வேண்டி வரலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்தது என்ன தெரியுமா? அரிசியை 300 மில்லி அளந்து இரண்டு நைலான் சாக்ஸில் கட்டி, பெரிய பிராவுக்குள் வைத்துப் பார்த்தேன். அளவு தேர்ந்தெடுக்க உலகம் முழுக்கப் பெண்கள் செய்யும் சோதனைதான். அதைப் போட்டுக்கொண்டே காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் பேசினேன். பிடித்திருந்தது. ரொம்பவே.

அந்த வாரம் அம்மா விருதுநகரிலிருந்து வந்திருந்தார். மீட்டிங் முடிந்து கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒரு சாக்ஸை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசி வைக்காத பாப்பா. வேர்வ பட்டா புளிச்ச வாட வரும். நான் கடுகு வச்சேன். பஞ்சுக்கு நடுவுல கடுகு. கனம் இல்லன்னா மேல ஏறிக்கிரும்."

2009ல், 51 வயதில், மதுரையில் ஒரு மருத்துவமனையில் அம்மாவின் வலது முலையை எடுத்தார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம், பெங்களூரில் பயிற்சி. நாலு நாள் லீவில் வந்துவிட்டுப் போனேன். அம்மா ஒரு துணிப்பை தைத்து வைத்துக்கொள்வது தெரியும். கொடியில் துண்டுக்கு அடியில் காயும். அதற்குள் கடுகு இருந்தது அன்றுதான் தெரிந்தது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். புற்று வந்து அறுத்து எடுத்தவர் முன்னால் உட்கார்ந்து எனக்கு இறங்கிவிட்டது, தூக்கணும் என்று சொல்ல நாக்கு கூசியது. அம்மா முதலில் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். "அம்புட்டா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கு யாரும் கேக்கல."

"என்னத்தம்மா?"

"திரும்ப வச்சுக்கலாம்னு. எடுக்கணும்னாங்க. உங்கப்பா கையெழுத்துப் போட்டாரு. நீ வச்சுக்கிறியாம்மான்னு ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டிருந்தா வச்சிருப்பியா?"

"தெரியல. இந்த வயசுல எதுக்குன்னுதான் சொல்லியிருப்பேன்." சாக்ஸின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார், "ஆனா கேட்டிருக்கலாம்ல."

அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டினார். "நல்ல பொன்னி. இதப் போயி."

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சையை இலவசமாகத் தரப்போவதாக அரசு அறிவித்தது ஞாபகம் வந்தது. ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக்கூடாது என்ற பொருளில் அன்றைய அமைச்சர் விஜயபாஸ்கர் பேசியிருந்தார். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. "அடுத்து மிக்ஸி கிரைண்டரோட சேத்துத் தருவாங்க" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன், முதல் குழந்தை வயிற்றில் இருந்தது அப்போது.

அம்மா சொன்னதைக் கேட்டு மனம் மாறி லிஃப்டைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஊசலாடினேன். முடிவு செய்தது ஒரு சின்ன விஷயம். அறுவைக்கு முன் மேமோகிராம் எடுக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு வந்திருப்பதால் எனக்கு இனி ஒழுங்காகச் சோதனை வேண்டும். இம்பிளான்ட் இருந்தால் அது கொஞ்சம் திசுவை மறைக்கும், பையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கூடுதலாகப் படங்கள் எடுப்பார்கள், எடுக்கவே முடியாதென்று இல்லை என்றார் டாக்டர். பரிசோதனை அறையில் தட்டு அழுத்த நின்றபோது எனக்குத் தோன்றியது, குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அது என்னுடையதா பையினுடையதா என்று யோசிக்க என்னால் முடியாது. பென்டிங் அப்டேட்டின் சிவப்புப் புள்ளியையே இரவு விட்டுவைத்துத் தூங்க முடியாதவள் நான். வேறொருத்திக்கு இது ஒரு பொருட்டாகவே இருக்காது. வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் இரண்டு பேரைத் தெரியும்.

நிறைவு வேண்டாம் என்று ஆனதில் ஒருநாள் அழுதேன். யாருக்கும் சொல்லவில்லை.

2023 நவம்பர். மூன்று மணிநேரம். காயத்தையோ பிறவிக் குறையையோ சரிசெய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஜிஎஸ்டி இல்லை, அழகுக்கென்றால் 18 சதவீதம். பில்லில் தனி வரியாக அச்சடித்திருந்தது. ஆபீஸில் 'சிறு அறுவை' என்று லீவு போட்டேன். மேனேஜர் குடல்வாலா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

கையைத் தூக்கக்கூடாது என்பதால் மூன்று வாரம் அம்மாதான் தலை வாரிவிட்டார். பதினெட்டாம் நாள் டேப்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, முதல்முறையாகக் கண்ணாடிக்கு நேராக நின்றேன். வீக்கம், மஞ்சள் கன்றல், சிவப்பாக ஒரு நேர்கோடு. பள்ளிக்கூடத்து அளவுக்கே வந்துவிட்டது, ஆனால் மேலே இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து, சேலைக்கு ஃபால்ஸ் தைத்ததைப் பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்தார்.

"நேராத் தச்சிருக்கா. எனக்குத்தான் கோணலாத் தச்சுட்டான்."

"எங்க காட்டு."

பதினாலு வருடத்தில் நான் கேட்டதில்லை. அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முந்தானையை விலக்கி ஜாக்கெட் கொக்கியைக் கழற்றினார். தழும்பு வெளுத்திருந்தது. நெஞ்செலும்புப் பக்கம் நேராகத்தான் தொடங்கியது, கக்கத்தை நெருங்கும் இடத்தில் மேலேறி இறங்கி, முடிவில் சின்னதாக ஒரு சுருக்கம்.

"ஆமாம்மா," என்றேன். "கோணல்தான்."