நூற்றெட்டுச் சுற்று

சென்னை எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் சங்கரன்கோவிலில் இறங்கிவிடலாம். மல்லிகைப் பூ, விசைத்தறிச் சேலை, பிரியாணி எல்லாமே இந்த ஊரில் பிரசித்தம். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆடி மாதமாயிருந்தால் ஒன்பது நிலை ராஜகோபுரத்தைத் தாண்டி நேரே கோவிலுக்குள் போய், பிராகாரத்தில் ஓரமாக ஒரு தூணடியில் உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் கண்ணெதிரே ஒரு பெரிய யாத்திரை நடந்துகொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், யாத்திரிகர்கள் எல்லோரும் சற்று நேரத்துக்கெல்லாம் உங்களிடமே திரும்பி வந்துவிடுவார்கள்!

இதற்கு ஆடிச் சுற்று என்று பெயர். ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் தொடங்கிவிடும். 101 சுற்று, 108 சுற்று, 501 சுற்று என்று அவரவர் வேண்டுதல். 1,001 என்பவர்களும் உண்டு. சுற்றுக்கு 300 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட 108-க்கு 32 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டாமலே அடுத்த ஊருக்குப் போய்விடலாம்!

ஏன் இப்படி நடக்கிறார்கள்? சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள்; ஒருவன் சிவ பக்தன், மற்றவன் விஷ்ணு பக்தன். யார் பெரியவர் என்று சண்டை. இரண்டு பேரும் ஒன்றே என்று காட்டவேண்டும் என அம்பாள் கோமதி புன்னை வனத்தில் தவம் இருந்தாளாம். ஆடிப் பௌர்ணமியில், உத்திராட நாளில், வலப் பாதி சிவனும் இடப் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார் என்பது தல புராணம். அன்றைக்குக் குடியானவர்கள் தங்கள் நிலத்துப் பருத்தியையும் வத்தலையும் சூறை விடுகிற அழகு தனி. அம்பாள் தவம் இருந்தது ஒற்றைக் காலில் அல்லவா? அந்தக் கால்வலியில் கொஞ்சம் நாம் வாங்கிக்கொள்வோம் என்றுதான் இந்தச் சுற்று என்பார்கள்.

நான் உட்கார்ந்திருந்த தூணுக்கே இரண்டு அம்மாள்கள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் கையில் ஒரு டப்பா. சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. பேச்சுக் கொடுத்தேன். இளையவர் 2020-ஆம் வருஷத்து ஆடியைப் பற்றிச் சொன்னார்.

அந்த ஆடி உங்களுக்கும் மறந்திருக்காது. கொரோனா. பெரிய கோவில்கள் பக்தர்களுக்கு அடைத்துக் கிடந்தன. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போக இ-பாஸ் வேண்டும். இந்த அம்மாளின் மகளோ கோயம்புத்தூரில் எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம். பாஸ் கிடைக்கவில்லை.

"அங்க போவ முடியலை. இங்க சுத்தவும் முடியலை. சும்மா உக்காந்திருக்க முடியுமா தம்பி?"

மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். தோழி அடுத்த தெருவில் தன் வீட்டு மாடியில். இருவர் காதிலும் போன். உடனே தகராறு முளைத்தது. மாடி, கோவில் சுற்றில் எட்டில் ஒரு பங்குதான் வரும். ஆகவே எட்டு நடந்தால்தான் ஒன்று என்பது இளையவர் கட்சி. "108-ன்னா 108தான். சாமிகிட்ட அளவு டேப்பா இருக்கு?" என்பது பெரியவர் கட்சி. கடைசியில் இளையவர் நாளைக்கு 72 வீதம் பன்னிரண்டு நாளில் 864 சுற்று நடந்து தீர்த்தார். பெரியவர் இரண்டாம் நாளே 108-ஐ முடித்துவிட்டார். பிறகு?

"அவ ஒத்தையில நடக்காளேன்னு நானும் நடந்தேன்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

எனக்குச் சென்னையில் ஒரு நண்பர் ஞாபகம் வந்தது. அதே ஜூலையில் அவர் தன் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு யந்திரத்தில் மாட்டி, படுக்கையறையில் மிதித்துக்கொண்டிருந்தார். எதிரே திரையில் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்கள்! அவருடைய சிநேகிதர்கள் வேறு வேறு வீடுகளில் மிதிக்க, திரையில் எல்லோரும் ஒரே சாலையில் போனார்கள். பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயம் டூர் த பிரான்ஸ் அந்த வருஷம் ஜூன் 27-லிருந்து ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிப்போயிற்று. இடையில் ஜூலையில் மூன்று வார இறுதிகள், தேர்ந்த வீரர்களும் இப்படியே வீட்டிலிருந்தபடி பந்தயம் விட்டார்கள். நம் பெண்களுக்கு ஒரு செய்தி: ஆண்கள் ஓட்டிய அதே பாதைகளில் பெண்களும் தனிப் பந்தயமாக ஓட்டினார்கள். மெய்யான சாலையில் பெண்களுக்கென்று எட்டு நாள் பந்தயம் 2022-ல் நடந்தது.

இதையெல்லாம் நான் அந்த அம்மாள்களிடம் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இளையவர் சிரிக்கவில்லை.

"மலை வந்தா என்ன செய்வாவ?"

"திரையில் ஏற்றம் வந்தால் மிதி தானாகக் கனத்துவிடும், அம்மா. யந்திரம் அப்படி."

"கனக்குமா? அப்போ சரி" என்றார். "கால் வலிச்சுதுன்னா போன மாதிரிதான். எனக்கும் அந்தப் பன்னெண்டு நாளும் கோயம்புத்தூர் வரைக்கும் நடந்த மாதிரியே இருந்துது."

குழந்தை?

"அந்தா ஓடுதாள்ளா!"

பிராகாரத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி ஓடி வந்தாள். பெயர் கோமதி என்று நான் சொல்லவும் வேண்டுமா? வந்த வேகத்தில் பாட்டியின் மடியில் விழுந்தாள். பக்கத்திலிருந்த டப்பா கவிழ்ந்து, புளியங்கொட்டைகள் தூணைச் சுற்றிலும் சிதறின. வந்த கொட்டை எது, வரவேண்டிய கொட்டை எது?

"அறுபத்திமூணு இருக்கும்" என்றார் இளையவர்.

"அம்பதுன்னு வச்சுக்கிடுவோம்" என்று சொல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் பெரியவர்.