அப்பா ஓடி வருகிறார்!

உங்கள் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் விடிகாலை நாலு மணிக்கு ஓடக் கிளம்பிவிட்டால், இரண்டு வாண்டுகளோடு நீங்கள் என்ன பாடு படுவீர்கள்? கூடுவாஞ்சேரியில் நான் ஆறு மாதம் பட்டேன், அம்மா!

2024 ஜனவரியில் சென்னை மராத்தான். நேப்பியர் பாலத்தில் இருட்டோடு கிளம்பி 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் வந்த கணக்கு இது. விண்ட்ஸர் அரண்மனையில் தொடங்கியதால் ராஜ வீட்டுக் குழந்தைகளுக்கு வாசலிலேயே வேடிக்கை! என் குழந்தைகளுக்கோ மின்சார ரயில், தாம்பரத்தில் பஸ், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை வெயில். அவர் "வரவேண்டாம்" என்றுதான் சொல்லியிருந்தார். கேட்டால்தானே!

பெரியவன் கையில் அப்பாவுக்காக ஒரு டப்பா கமலாச் சுளை. சின்னவளுக்குப் பனியன் போட்ட எல்லாருமே "அப்பா!" அவள் போட்ட கூச்சலில், தள்ளாடி வந்த ஒரு தாத்தா சிரித்துவிட்டு மறுபடி ஓடலானார். பெரியவன் அவருக்கு ஒரு சுளை கொடுத்தான். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம்.

ஒன்பது மணிக்கு இவர் வந்தார், நொண்டி நொண்டி நடந்து. எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொண்டார். சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. "ஓடுங்கப்பா!" என்று அலறினாள் சின்னவள்.

டப்பாவில் ஒரே சுளை. பின்னால் வருபவருக்கும் வேண்டுமே என்று பெரியவன் அதைப் பிய்த்துக் கொண்டிருந்தான்.