விருந்தாளியும் வீட்டுக்காரரும்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெரு நீளமானதல்ல. ஒரு முனையில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம். வழியெங்கும் பழம்பொருள் கடைகள். காற்றில் மிளகும் சுக்கும் கலந்த நெடி. இங்கே ஒரு பழைய யூத வீடு இப்போது ஐந்தே அறைகள் கொண்ட சொகுசு விடுதி. அதில் இரண்டு இரவுகள் தங்கினேன். ஒரு நாள் வாடகை என் வீட்டு மாத மளிகைச் செலவைத் தாண்டும்.

குறை சொல்ல ஏதுமில்லை. தேக்குக் கட்டில், வழவழப்பான மரத்தளம், சத்தமில்லாத ஏ.சி. ஆனால் அறைக்குள் நுழையும்போது கதவு நிலையின் வலப்புறம் இரண்டு ஆணித் துளைகள் கண்ணில் பட்டன. வேத வாசகம் எழுதிய தோல்சுருளைச் சிறு உறையிலிட்டு யூதர்கள் நிலையில் பொருத்துவார்கள். மெசூசா என்று பெயர். குடும்பம் போனது, உறையும் போனது. கூடத்தில் ஒரு கல்யாண போட்டோ. யாரென்று கேட்டேன். “கடையில் வாங்கியது சார்” என்றார் பணியாளர்.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் செப்பேடு வழங்கினான். தமிழ் படித்தவர்களுக்கு அதன் சொற்கள் அந்நியமல்ல. பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று 72 உரிமைகள். உல்கும் துலாக்கூலியும் தள்ளுபடி. குறளில் சுங்க வரியைக் குறிக்கும் அதே உல்குதான். பல நூற்றாண்டுகள் கழித்து ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்த பரதேசி யூதர்களும் இச்செப்பேட்டைப் பொக்கிஷமாகக் காத்தார்கள்.

வந்தவர்களுக்கு மண்ணின் அரசன் கொடுத்த சொகுசு அது. இன்று நிலைமை தலைகீழ். 1948இல் இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். விரட்டப்பட்டுப் போனவர்கள் அல்ல, விரும்பிப் போனவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற கூடத்தில் நாம் காசு கொடுத்து விருந்தாளியாகிறோம். அந்த வீட்டுப் பேரன் ஊர் பார்க்க வந்தாலும் பதிவேட்டில் கையெழுத்திட்டுத்தான் சாவி வாங்க வேண்டும்.

இதற்காக விடுதிகளைப் பழிப்பது நியாயமல்ல. கேரள மழையிலும் உப்புக் காற்றிலும் பூட்டிய வீடு நெடுநாள் தாங்காது. ஓடு மாற்றவும் மரம் இழைக்கவும் பணம் வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் கோடர் குடும்பத்தின் சிவப்பு மாளிகையும் ஓட்டலாக மாறித்தான் பிழைத்தது. வாடகை சுவரைக் காப்பாற்றுகிறது. வாழ்ந்தவர்களைப் பற்றிய நினைவை அது காப்பாற்றுவதில்லை.

அதே தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல் தமது 96ஆவது வயதில் காலமானார். மகனைப் போல உடனிருந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் அவருடைய கடையைத் தொடர்ந்து நடத்தினார். வருபவர்களுக்கு சாராவின் கதையையும் சொன்னார். நினைவைக் காக்க ரத்த உறவு வேண்டியதில்லை, அக்கறை போதும். விடுதிக்காரர்கள் வாசலில் அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதி வைக்கலாம். விலைக்கு வாங்கிய போட்டோவைக் கழற்றிவிட்டு, அந்த வீட்டில் நிஜமாகவே நடந்த ஒரு கல்யாணத்தின் படத்தைத் தேடி மாட்டலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் வாடகைகூட இருக்காது.