அம்மா பறித்த கொழுந்து

கண்டிக்கு அருகே, ஹந்தானை மலையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை, 2001இல் நூதனசாலையானது. வவுனியாவிலிருந்து எங்கள் மாதர் சங்கத்தார் 18 பேர் அதைப் பார்க்கப் போனோம்.

கொழுந்தை வாடவைத்து, உருட்டி, நொதிக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி, தரம் பிரிக்கும் விதத்தைப் பழைய இயந்திரங்களைக் காட்டி விளங்கப்படுத்தினார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டுமாம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும் சொன்னார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் எங்கள் பெண்கள்.

என் அம்மாவும் மலையில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்தில் உடுத்த துணியோடு வவுனியாவுக்கு வந்தார். பிறகு யுத்தமும் எங்களை அலைக்கழித்தது. 'தோட்டக்காட்டார்' என்ற ஏளனப் பேச்சு வேண்டாமென்று, அம்மாவின் ஊரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று இயந்திரத்தின் அருகில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விதத்தைக் கையால் செய்து காட்டினேன்.

"அக்கா, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?" என்றாள் முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருத்தி. மேல்மாடியில் தேநீர் குடிக்கும்போது, எல்லோரும் அம்மாவைப் பற்றியே கேட்டார்கள்.

சகோதரிகளே, உழைத்த கைகளுக்கு வெட்கமில்லை. உங்கள் அம்மாவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.