கால்வாய்ப் படகில் நாயோடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்வாய்ப் படகில் விடுமுறைக்குப் போகிறவர்கள் பலர் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பயணத்தின் வேகமே நாய்க்குத் தோதானது. நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய படகின் அகலம் ஏறத்தாழ 2.1 மீட்டர்தான், நீளம் 20 மீட்டரையும் தாண்டுவதுண்டு. பெரும்பாலான கால்வாய்களில் மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது; கட்டி நிறுத்திய படகுகளைத் தாண்டும்போது அதைவிடவும் மெதுவாகப் போக வேண்டும். ஆகவே ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க, இன்னொருவர் நாயோடு கரையில் இறங்கி, அங்குள்ள பாதையில் படகுக்கு ஈடாக நடந்து வரலாம். எஞ்சின் வருவதற்கு முன்பு, படகை இழுத்துச் சென்ற குதிரைகளுக்காகப் போட்ட பாதை அது. நாய்க்கு இதைவிட நல்ல நடைபாதை அமைவது அரிது.

ஆபத்து இருப்பது லாக்குகளில். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே படகை ஏற்றி இறக்கும் கல்தொட்டி அது. இரு முனைகளிலும் கனத்த கதவுகள், அடியில் மடைகள். மடையைத் திறந்ததும் தண்ணீர் சீறிப் பாயும், படகு முன்னும் பின்னும் அலையும். அந்த நேரம் எல்லோருடைய கையிலும் வேலை இருக்கும். எஜமானர் கதவின் மேலுள்ள குறுகிய பலகையில் அக்கரைக்குப் போனால், நாயும் பின்னாலேயே ஓடும். கால் இடறிச் சுவருக்கும் படகுக்கும் நடுவே விழுந்தால் அதனால் ஏறி வர முடியாது. சுவரில் பாசி வழுக்கும், பதித்திருக்கும் ஏணி மனிதருக்குத்தான் உதவும். அப்படி நேர்ந்தால் முதலில் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, படகை உந்தும் விசிறி சுழல்வதை நிறுத்தி, மடைகளையும் அடைக்க வேண்டும்; நாயைத் தூக்குவது அதன் பிறகுதான். முதுகில் கைப்பிடி வைத்த நாய் லைஃப் ஜாக்கெட்டின் அருமை அப்போது தெரியும். லாக் கடக்கும் நேரமெல்லாம் நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதே மேல். படகின் கூரையில் கட்டிப்போடுவது மிகவும் தவறு: சறுக்கி விழுந்தால் கழுத்து வாரிலேயே தொங்கிவிடும்.

லாக்குகள் குறைவான தடத்தைத் தேர்ந்தெடுத்தால் நாய்க்கும் மனிதருக்கும் நிம்மதி. வேல்ஸுக்குள் போகும் லங்கோலன் கால்வாயில் மொத்தம் 21 லாக்குகள்தான். ஆனால் அங்கே பொன்ட்கசுல்டே நீர்ப்பாலம் இருக்கிறது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805இல் திறந்த அந்தப் பாலத்தில், ஆற்றுக்கு மேலே சுமார் 38 மீட்டர் உயரத்தில், வார்ப்பிரும்புத் தொட்டிக்குள் படகு நகரும். நடைபாதைப் பக்கம் கம்பித் தடுப்பு உண்டு; மறுபக்கம் தொட்டியின் விளிம்போடு சரி. பறவையைக் கண்டால் பாய்கிற நாய்க்கு அங்கே அறைக்குள்தான் இடம், இல்லையென்றால் கையில் இறுக்கிப் பிடித்த வாரோடு நடைபாதையில். பக்கத்து வயல்களில் ஆடுகள் மேயும். ஆட்டைத் துரத்தும் நாயின் உரிமையாளர்மேல் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரலாம்.

கோடையில் எஃகுக் கூரை வெயிலில் காய்ந்து நாயின் பாதத்தைச் சுடும். மூடிய அறையும் சீக்கிரம் வெப்பமேறும். பகலில் அதற்குள் நாயைத் தனியே விட்டுப் போகக் கூடாது. தேங்கிய கால்வாய் நீரில் நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு; அதைக் குடித்த நாய் இறந்தும் போகலாம். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும். குடிக்க நல்ல தண்ணீரைக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருப்பது அவசியம். மீன்பிடிப்பவர்கள் விட்டுப்போன தூண்டில் முள்ளில் இரையின் வாசம் ஒட்டியிருக்கும், நாய் அதை விழுங்கிவிடும். கரையில் இறங்கினால் அதன் வாய்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அன்றாட ஓட்டத்தை நாயின் பழக்கத்தை ஒட்டி வகுப்பதே நல்லது: காலையில் கரையில் ஒரு நடை, இடையிடையே கட்டி நிறுத்தம், இருட்டும் முன்பே தங்குமிடம். வீட்டில் படுக்கும் அதே போர்வையைக் கொண்டுபோனால் புது இடத்திலும் உறங்கும். எஞ்சின் அதிர்வு பழகுவதற்கு, முதல் நாளில் கரையில் கட்டிய நிலையிலேயே சிறிது நேரம் ஓடவிடலாம். வாடகைப் படகானால் நாய் வருவதை முன்பே சொல்லிவிட வேண்டும். எத்தனை நாய்க்கு அனுமதி, தனிக்கட்டணம் உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். மூட்டு வலியால் செங்குத்துப் படிகளில் இறங்க முடியாத முதிய நாய்க்கும், எஞ்சின் சத்தத்தில் ஓயாமல் நடுங்கும் நாய்க்கும் இந்த விடுமுறை வதையாகிவிடும். அவற்றை நன்கு பழகியவர் வீட்டில் விட்டுப் போவதே அன்பான செயல்.