மேஸ்திரியின் நாக்கு

திருப்பரங்குன்றத்தை ஒட்டியிருக்கும் ஹார்விபட்டி, மதுரையில் மில் நடத்திய ஹார்வி கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக நேர்நேராகத் தெரு போட்டுக் கட்டிய ஊர். வீடு கொடுத்த வெள்ளைக்காரனை மெச்சிப் பேசும் பெரியவர்கள் இந்தப் பக்கம் உண்டு. மெச்சட்டும். ஆனால் அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். பத்து நாள் போல இழுத்துப் பார்த்துவிட்டு நிர்வாகம் இறங்கி வந்தது. மதுரையிலும் 1918-ல் ஜார்ஜ் ஜோசப், நம் சனங்கள் ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டவர், மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார்.

சரி, கூலியும் வீடும் கிடைத்துவிட்டால் ஆள் மனசோடு வேலை பார்ப்பானா? பாதிதான் பார்ப்பான். மீதி, தலைக்கு மேலே நிற்கும் மேஸ்திரியின் நாக்கில் இருக்கிறது.

நூற்பு மில்லுக்குள் காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும். அதற்காக லட்சக்கணக்கில் செலவழித்து மெஷின் வைக்கிறார்கள். சுவரில் மீட்டர் மாட்டி மணிக்கணக்காகக் குறித்துக்கொள்கிறார்கள். மேஸ்திரி வாயிலிருந்து வரும் சூட்டை அளக்க எந்த மீட்டரும் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு மில்லில், பேர் வேண்டாம், நூல் நூற்கும் ரிங் பிரேமில் கோளாறு என்று சொல்லப்போன பிள்ளையிடம் மேஸ்திரி முதலில் கேட்பது, “உன்னை எவன் வேலைக்குச் சேர்த்தான்?” கொஞ்ச நாளில் யாரும் சொல்லப்போவதில்லை என்று ஆனது. கழிவுப் பஞ்சு மூலையில் ஒளிந்தது. மட்டமான நூல் நல்ல கோனோடு சேர்ந்து பெட்டிக்குள் போனது. வாங்கியவர் திருப்பி அனுப்பினார். முதலாளி ஆளைத் திட்டினார், பஞ்சைத் திட்டினார், மார்க்கெட்டைத் திட்டினார். மேஸ்திரிக்கோ ‘கண்டிப்பானவர்’ என்று நல்ல பேர்!

இதற்கு நேரெதிரான இடமும் மதுரையிலேயே இருக்கிறது. அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து இரண்டு வருஷம் பழக்குகிறார்கள். ஒரு மேசையில் அறுவை சிகிச்சை நடக்கையிலேயே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை அந்தப் பிள்ளைகள் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் அப்படியே திரும்பி உட்கார்ந்து அடுத்த கண்ணைப் பார்ப்பார். ஏராளமானவர்களுக்கு இலவசமாகப் பார்த்தும் அந்த ஸ்தாபனம் சொந்தக் காலில் நிற்பதற்கு இந்த வேகம் பெரிய காரணம். “டாக்டர், இது சரியில்லை” என்று சொல்ல அந்தப் பிள்ளை பயந்தால் இந்த வேகம் ஒருநாள்கூடத் தாங்காது.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். தீபாவளிக்குப் போனஸோடு ஸ்வீட் பெட்டியும் கொடுக்கிறீர்கள், நல்லது. நாளைக்குக் காலையில் எவனாவது ஒரு கோளாறைச் சொல்லிக்கொண்டு வந்தால், “யார் செஞ்சது?” என்று கேட்காதீர்கள். “எந்த மெஷின்ல, எப்ப இருந்து?” என்று கேளுங்கள். உங்கள் சூப்பர்வைசரையும் அப்படியே கேட்கச் சொல்லுங்கள்.