சனிக்கிழமைச் சம்பளமும் ஒரு கோப்பின் முகவரியும்

எக்செல் மேக்ரோ பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் எதை எடுத்துக்கொண்டாலும் கணக்குப்பிள்ளையின் மேஜையில் இன்று பேரேடு இல்லை, கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுப் பெண்கள் கையில் வாங்கிவரும் பணம் சரியா தப்பா என்பது, அந்தக் கம்ப்யூட்டருக்குள் யாரோ எழுதிவைத்த ஒற்றை வரி முகவரியைப் பொறுத்தது. அந்த முகவரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மேக்ரோ என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நாம் திரும்பத் திரும்பக் கையால் செய்கிற வேலையை வரிசையாக எழுதி எக்செல்லிடம் கொடுத்துவிடுவது. 1993-ல் வந்த எக்செல் 5-லிருந்து இதற்கு வி.பி.ஏ. என்று ஒரு மொழி இருக்கிறது. "இந்த ஆறு போர்மேன்களின் கோப்புகளைத் திற, ஆளுக்கு எத்தனை நாள், எத்தனை உருப்படி என்று எடு, சம்பளப் பட்டியலில் போடு" என்று எழுதிவிட்டால், ஒரு பொத்தானை அமுக்கியதும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முன்பு வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாங்கள் செய்த வேலை அது.

ஆனால் கோப்பைத் திற என்றால், அது எங்கே இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டுமே. அதுதான் பாத், அதாவது கோப்பின் முகவரி. 'சி:\யூசர்ஸ்\இன்னார்\டெஸ்க்டாப்\பேக்கிங்' என்பதுபோல இருக்கும். (இங்கே தமிழில் எழுதுகிறேன். மேக்ரோவில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.) சி என்று ஏன் ஆரம்பிக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் ஏ, பி இரண்டும் பிளாப்பி தட்டுகளுக்குப் போய்விட்டன. பிறகு வந்த ஹார்டு டிஸ்க்குக்கு மூன்றாவது எழுத்து கிடைத்தது. நடுவில் வரும் பின்சாய்ந்த கோடு 1983-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 2.0 காலத்துப் பழக்கம். முன்சாய்ந்த கோட்டுக்கு அதில் ஏற்கெனவே வேறு வேலை இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பயர் ஆபீஸ், பெயர் வேண்டாம். கணக்கு வேலைக்கு இருந்த ஒரு பையன், நல்ல சூட்டிகை, சம்பளத்துக்கு மேக்ரோ எழுதிவைத்தான். ஐந்து போர்மேன்களின் கோப்புகளை டி டிரைவில் ஒரே போல்டரில் வைத்தான். பேக்கிங் செக்‌ஷன் பிறகு சேர்ந்தது. அதன் கோப்பை மட்டும் தன் டெஸ்க்டாப்பிலேயே வைத்துக்கொண்டு, மேக்ரோவிலும் அந்த முகவரியையே எழுதிவிட்டான். டெஸ்க்டாப் முகவரியின் நடுவில், கம்ப்யூட்டரில் யார் பெயரில் நுழைகிறோமோ அந்தப் பெயர் வரும். அவன் இருந்தவரை எல்லாம் ஓடியது. பிறகு சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கோப்புகளையெல்லாம் அதற்கு மாற்றினார்கள், மேக்ரோவும் ஓடியது. ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பையன் பெயரில் யாரும் இல்லை. பேக்கிங் கோப்பின் முகவரி, இடித்துப்போட்ட வீட்டின் கதவு எண் மாதிரி ஆகிவிட்டது.

இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் எக்செல் சும்மா இருக்காது. 1004 என்று ஒரு எண்ணைக் காட்டி, கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். இங்கே அது நிற்கவில்லை. காரணம், மேக்ரோவின் தலைப்பிலேயே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி. எந்தத் தப்பு வந்தாலும் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். அதனால் பேக்கிங் ஆட்களுக்கு எதிரே போன வாரத் தொகைகள் அப்படியே நின்றுவிட்டன. போன வாரம் ஊரில் கோவில் பொங்கல். அவர்கள் மூன்று நாள்தான் வேலைக்கு வந்திருந்தார்கள். இந்த வாரம் ஆறு நாள். எல்லாருக்கும் மூன்று நாள் சம்பளம் விழுந்தது.

கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் இல்லை. பேக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் பேனாவால் ஒரு சுழி போட்டுவைக்கிற பழக்கம் அவருக்கு. "அண்ணாச்சி, போன வாரம் பொங்கலுக்கு மூணு நாள் லீவு போட்டேன், இந்த வாரம் ஒரு நாள்கூட லீவு போடல. ரெண்டு வாரமும் பைசா மாறாம ஒரே தொகை எப்படி வரும்?" என்று கேட்டார். கணக்குப்பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. "கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா" என்றாராம். "கம்ப்யூட்டர் பேக்கிங்குக்கு வந்து பார்த்துச்சா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. அன்றைக்கே மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். வாரக் கடனைச் சனிக்கிழமை கட்ட வேண்டியவர்களுக்கு அந்த இரண்டு நாள் எப்படிப் போயிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

பயர் ஆபீஸைப் பார்த்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மருந்து கலக்குவதற்கு ஒரு ரூம், செலுத்துவதற்கு ஒரு ரூம், திரிக்கு ஒரு ரூம் என்று தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதியிருக்கும். "மாரியப்பன் வேலை பார்க்கிற ரூம்" என்று யாரும் லைசென்ஸில் எழுதுவதில்லை. மாரியப்பன் நாளைக்கு வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார், ரூம் அங்கேயே இருக்கும். கோப்பின் முகவரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ஆளின் பெயரிலோ, ஒரு கம்ப்யூட்டரிலோ அதைக் கட்டிப்போடக் கூடாது.

அதற்கு வழி எளிது. சம்பளப் புத்தகமும் போர்மேன்களின் கோப்புகளும் ஒரே போல்டரில் இருக்கட்டும். மேக்ரோவில் முழு முகவரிக்குப் பதிலாக 'திஸ்ஒர்க்புக்.பாத்' என்று எழுதினால், "நான் இருக்கிற இடம் எதுவோ அதிலேயே தேடு" என்று அர்த்தம். போல்டரை அப்படியே எந்தக் கம்ப்யூட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் ஓடும். பென் டிரைவில் போட்டால், ஒரு கம்ப்யூட்டரில் ஈ என்றும் இன்னொன்றில் எஃப் என்றும் எழுத்து மாறும். அதைப் பற்றியும் கவலை இல்லை.

இதிலும் சில குழிகள் உண்டு. 'ஆக்டிவ்ஒர்க்புக்.பாத்' என்று ஒன்று இருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அது அந்த நேரத்தில் முன்னால் நிற்கிற புத்தகத்தின் இடம். மேக்ரோ வேறு கோப்பைத் திறந்ததும் முன்னால் நிற்பது அந்தக் கோப்பாகிவிடும். அடுத்தது, 'திஸ்ஒர்க்புக்.பாத்' கொடுக்கும் முகவரியின் கடைசியில் பின்சாய்ந்த கோடு வராது. நாம்தான் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் போல்டர் பெயரும் கோப்பின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். புதிதாகத் திறந்து இன்னும் சேமிக்காத புத்தகத்துக்கு இடமே கிடையாது, வெறும் வெற்றிடம்தான் வரும். போல்டர் ஒன்டிரைவில் இருந்தால் சி, டி என்று வராமல் இணைய முகவரி வந்து நிற்கலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வி.பி.ஏ.வில் 'டிர்' என்று ஒரு கட்டளை உண்டு. கோப்பு இல்லையென்றால் வெற்றிடத்தைக் கொடுக்கும். அதற்குத் தமிழ் எழுத்து புரியாது. 'தாயில்பட்டி' என்று போல்டருக்குப் பெயர் வைத்தால் அதற்கு வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். 'பைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்' என்ற இன்னொரு வழியில் போனால் தமிழ்ப் பெயரும் செல்லும். நம் ஊர்ப் பெயரை மாற்ற வேண்டாம், கட்டளையை மாற்றினால் போதும்.

அந்த ஆபீஸில் இன்னும் மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொன்னேன். முதலில் பழைய தொகைகளை அழித்துவிட்டுத்தான் புதிதாக நிரப்ப வேண்டும். ஒரு கோப்பு இல்லையென்றால் அதன் பெயரைச் சொல்லி மேக்ரோ நின்றுவிட வேண்டும். கோப்பு இருந்தாலும் அது எந்தத் தேதியில் சேமித்தது என்று பார்க்க வேண்டும், போன வாரக் கோப்பும் அதே பெயரில் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

தீபாவளி போனஸுக்கும் இதே கவனம் வேண்டும். வருஷத்துக்கு 52 வாரக் கோப்புகளைக் கூட்டித்தான் போனஸ் போடுகிறார்கள். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். வாரம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரக் கோப்பு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டாலே ஒருவருக்குச் சுமார் 125 ரூபாய் குறையும். 100 பேருக்கு 12,500 ரூபாய். சம்பளமாவது வாராவாரம் கையில் வருகிறது, குறைந்தால் தெரியும். போனஸில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. எத்தனை கோப்புகளை எடுத்தோம் என்று மேக்ரோ எண்ணிச் சொல்ல வேண்டும். 51 என்று வந்தால் அன்றைக்குப் பணம் பட்டுவாடா கிடையாது.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எந்த ஆபீஸிலாவது இந்த வேலை பார்த்தால் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அசல் போல்டரைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதில் ஒரு கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மேக்ரோவை ஓட்டட்டும். அது கோப்பைக் காணோம் என்று சொல்லி நின்றால் நல்ல மேக்ரோ. ஒன்றும் சொல்லாமல் பட்டியலை நீட்டினால், அடுத்த சனிக்கிழமைக்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.